வெங்காயத்துக்குப் பயந்த காலம்

போன வாரம் உங்களில் ஒருத்தி, பெயர் சொல்ல மாட்டேன், அவளுக்கே தெரியும், பள்ளிவாசல் மதரஸா வாசலில் என் பக்கத்தில் நின்று பேத்திக்காகக் காத்திருந்தாள். உள்ளே சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோபமான முகம், பயந்த முகம். ஓதிக்கொடுக்கிற சின்னப் பெண் பாடம் தொடங்கும் முன் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, இன்றைக்கு உன் மனசு எந்த முகமாக இருக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொன்னாள். நம்மவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "ஓதிக்கொடுக்கச் சொல்லி அனுப்புனா மூஞ்சியத் தொட்டு வெளையாடிக்கிட்டு இருக்காக" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அந்த இடத்தில் வாயைத் திறந்தால் சண்டையாகிவிடும் என்று பேசாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. நாமெல்லாம் உத்தமபாளையத்தில் ஒரே பாயில் உட்கார்ந்து ஓதியவர்கள்தான். ஆனால் எங்கள் வீட்டில் மவுத்து, ஒரு சாவு, விழுந்த அந்தத் திராட்சைப் பருவத்தில் நான் என்ன பாடு பட்டேன் என்று உங்களில் ஒருத்திக்கும் தெரியாது. இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு எட்டு வயது இருக்கும். அனுமந்தன்பட்டிப் பக்கம் எங்களுக்கு ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது. என்னைப் பெற்ற அத்தாவும் அவருக்கு அண்ணனான பெரியத்தாவும் கூட்டாகப் பார்த்தார்கள். ஒரே வீடு, ஒரே உலை. பெரியத்தாவுக்குப் பிள்ளை கிடையாது, பெரியம்மாவும் எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டாள். ஒரு நாள் அத்தா பழம் ஏற்றிக்கொண்டு குமுளிக்குப் போன ஜீப் மலைப்பாதையில் கவிழ்ந்துவிட்டது. லுஹர் தொழுகை நேரத்தில் அத்தாவை மையித்தாக, உயிரில்லாமல், வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சாயங்காலம் அசர் தொழுகைக்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. பெரியத்தாதான் குளிப்பாட்டினார். நான் திராட்சைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை.

அம்மா ஒரே ஒரு தடவை வாய்விட்டு அலறினாள். அடக்கம் செய்துவிட்டுக் கபர்ஸ்தானிலிருந்து திரும்பி வந்த பெரியத்தா முற்றத்தில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இங்கன யாரும் அழுகக் கூடாது. நம்ம அழுதா மையித்துக்குத்தான் கபுருல வேதனை. கண்ணுலேர்ந்து ஒரு சொட்டு விழுந்தாலும் அவன்தான் அங்கன கெடந்து படணும். தெரிஞ்சுக்கங்க."

அதோடு அம்மாவின் சத்தம் நின்றுபோனது. அன்றைக்கே அவளை உள்ளறையில், புருஷனை இழந்தவள் இருக்கிற இத்தாவில், உட்கார வைத்தார்கள். நாலு மாதமும் சொச்ச நாளும் வெளியே வரக் கூடாது, வேற்று ஆண் யாரும் பார்க்கக் கூடாது. வாசலில் ஒரு வெள்ளைத் துப்பட்டியைத் திரையாகக் கட்டினார்கள். தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தி இடுக்கில் துணியைச் செருகினார்கள். அந்த அறையில் பகலிலும் மங்கலாகத்தான் இருக்கும். அம்மா முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் போனால் தலையைத் தடவுவாள், பேச மாட்டாள். பேசினால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குப் பயம். அது அப்போது எனக்குத் தெரியாது. என் மேல் கோபம் என்று நினைத்தேன்.

பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள், பிள்ளைகள் அதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளும் என்று யோசிக்கவே மாட்டார்கள். ஒரு சொட்டு என்றார் பெரியத்தா. நான் ஒரு சொட்டையே பிடித்துக்கொண்டேன். அழுகைதானே கூடாது, மற்றக் கண்ணீர் ஆகுமா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. கொட்டாவி விட்டால் கண்ணில் நீர் கட்டும் இல்லையா? நான் கொட்டாவியை அடக்கப் பழகினேன். தாடை வலிக்கும். அடுப்பில் மிளகாய் வறுத்தால் தெருவுக்கு ஓடிவிடுவேன். தும்மல் வந்தால் மூக்கை அமுக்கிப் பிடிப்பேன். சின்ன வெங்காயத்தைக் கண்டால் மற்றப் பிள்ளைகள் தேளுக்குப் பயப்படுவதுபோல் பயப்படுவேன். ஒரு நாள் காற்றில் தூசி விழுந்து கண் கலங்கிவிட்டது. மண்ணுக்குள் அத்தா துடித்திருப்பார் என்று அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எனக்கே இப்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் மூச்சு விடக்கூட எனக்கு இடம் இல்லை.

என்னை நான் அடக்கிக்கொண்டேன், தம்பியை எப்படி அடக்குவது? அவனுக்கு இன்னும் மூன்று வயது நிரம்பவில்லை. அசர் பாங்கு சொன்னதும் வாசலுக்கு ஓடுவான். அத்தா தோட்டத்திலிருந்து வருகிற நேரம் அது. ஆள் வரவில்லை என்றால் "அத்தா, அத்தா" என்று தெருவே அதிர அழுவான். அவன் வாயைத் திறக்கும் முன்பே ஒரு திராட்சையை உள்ளே போட்டுவிடுவேன். மென்று முடிப்பதற்குள் அடுத்தது. பழம் இல்லாத நாளில் கருப்பட்டி. கொஞ்ச நாளில் அவனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போட்டார்கள். கண்ணாவது பட்டதாவது, எல்லாம் என் வேலை. அத்தாவையும் காப்பாற்ற வேண்டும், தம்பியையும் காப்பாற்ற வேண்டும். எட்டு வயதில் என் தலையில் இவ்வளவு பெரிய பாரம். இதை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சின்னப் பிள்ளை மேல் எனக்கு இரக்கம் பொங்கி வருகிறது.

அந்த வருஷம் மதரஸாவில் ஓதிக்கொடுக்க வந்த புது உஸ்தாதை உங்களுக்கு நினைவிருக்கும். மலைக்கு அந்தப் பக்கத்து ஆள். மீசை சரியாகக்கூட முளைக்கவில்லை. பாதி தமிழ், பாதி மலையாளம். முன்பு ஓதிக்கொடுத்த ஹஜ்ரத் வைத்துவிட்டுப் போன பிரம்பை எடுத்துப் பார்த்து, ஜன்னல் திரைக்குக் கம்பு இல்லை என்று அதையே கம்பாக மாட்டிவிட்டார். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள்.

காலையில் கிதாபைத் திறக்கும் முன் ஒவ்வொருவரிடமும் கேட்பார். "மோளே, இன்னிக்கு நின்னோட கல்பு எங்ஙனெ உண்டு?" நாம் முதலில் விழித்தோம். உடம்பு எப்படி என்று கேட்பார்கள், பாடம் வந்ததா என்று கேட்பார்கள். நெஞ்சுக்குள் எப்படி இருக்கிறது என்று அதுவரை நம்மை யாரும் கேட்டதில்லை. கறிக்கடைக்காரர் மகன் "பசிக்குது உஸ்தாது" என்றான். "அது வயிறாணு, கல்பு அல்ல. கல்புல எந்தா?" என்று விடாமல் கேட்டார். அவன் ரொம்ப நேரம் யோசித்து, "பொறாமை" என்றான். அவன் தங்கச்சிக்குப் புதுச் செருப்பு வாங்கியிருந்தார்களாம். உஸ்தாது அவனைத் திட்டவில்லை. பொறாமை என்று தெரிந்து சொன்னாயே, அதுவே பாதி மருந்து, மீதிக்குத் தங்கச்சிக்காக ஒரு துஆ செய் என்றார். கோபம் வந்தவன் நின்றால் உட்கார வேண்டும், உட்கார்ந்தும் அடங்காவிட்டால் படுக்க வேண்டும், கை கால் முகம் கழுவி ஒளு செய்ய வேண்டும், நபிகள் நாயகம் காட்டிய வழி என்று சொல்லிக்கொடுத்தார். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு தினமும் கோபம் என்று சொல்லிப் பாயில் படுத்துத் தூங்கினானே ஒருத்தன், அவன் இப்போது தேனியில் பெரிய கடை வைத்திருக்கிறான்.

என் முறை வரும்போது "ஒண்ணுமில்ல" என்பேன். தினமும் அதேதான். வேறு எதையாவது சொல்லத் தொடங்கினால் கண் தளும்பிவிடும், தளும்பினால் அத்தா கதி என்ன ஆவது? உஸ்தாது என்னை ஒரு நிமிஷம் பார்ப்பார். "சரி மோளே" என்று அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். அவர் விடாப்பிடியாகக் கேட்டிருக்கலாமே என்று உள்ளுக்குள் ஏங்குவேன். கேட்டுவிடப் போகிறாரே என்று நடுங்கவும் செய்வேன்.

இதற்கிடையில் ஊரில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. ஒரு பையன், "என் கல்புல பயம், நேத்து எங்கத்தா எங்கம்மாவ அடிச்சாக" என்று சொல்லிவிட்டான். நாம்தான் சும்மா இருப்போமா, மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பரப்பிவிட்டோம். அவன் அத்தா பள்ளிவாசலை நடத்துகிற ஜமாத்தில் முக்கியமான ஆள். இந்த உஸ்தாது வீட்டு விஷயத்தையெல்லாம் பிள்ளைகளைக் கொண்டு சந்திக்கு இழுக்கிறான், ஓதிக்கொடுக்க வந்தானா ஒட்டுக் கேட்க வந்தானா என்று கொதித்தார். பெரியத்தாவும் ஜமாத்தில் இருந்தார். வீட்டுக்கு வந்து, "அந்த உஸ்தாதுகிட்ட நம்ம வீட்டுப் பேச்சு எதையாச்சும் பேசுன, அப்பறம் இருக்கு ஒனக்கு" என்று என்னிடம் விரலை ஆட்டினார். இருந்த ஒரு வாசலும் அடைபட்டது.

நாற்பதாம் நாள் வந்தது. நம் பக்கத்து வழக்கப்படி மதரஸாப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துக் குர்ஆன் முழுவதையும் கத்தம் ஓதவைத்து நெய்ச்சோறு போட ஏற்பாடு. நீங்களும் வந்திருந்தீர்கள். உங்களுக்கு அது கறியும் சோறும் கிடைக்கிற நாள். எனக்கோ என் அத்தாவுக்காக நானே ஓத வேண்டிய நாள். கூடத்தில் பாய் விரித்து ஆண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். திரைக்குப் பின்னால் அம்மாவும் நாலைந்து பெண்களும்.

எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவா என்று என்னை அனுப்பினார்கள். கொல்லைப்பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து குவியல் குவியலாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். பின்வாங்குவதற்குள் கண் எரிந்தது. எரிந்தது என்றால் சாதாரணமாக இல்லை, இரண்டு கண்ணிலும் கொட்டியது. சொம்பைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினேன். வாரி வாரிக் கண்ணில் அடித்தேன். அடிக்க அடிக்க இன்னும் வந்தது. எது தொட்டித் தண்ணீர், எது கண்ணீர் என்று தெரியவில்லை. நாற்பது நாள் காத்ததெல்லாம் போச்சே, அத்தாவுக்கு ஓதுகிற நாளில் பார்த்து நானே அவரைச் சித்திரவதை செய்கிறேனே என்று இன்னும் வேகமாக வாரி அடித்தேன்.

அங்கே ஒளு செய்ய உஸ்தாது வந்தார். "எந்தா மோளே, கண்ணுல எந்தா ஆச்சு?" என்றார்.

"வெங்காயம் உஸ்தாது. நான் அழுகலை. அல்லா மேல சத்தியமா அழுகலை. வெங்காயத்துக்கு வந்தாலும் அத்தாவுக்கு வலிக்குமா உஸ்தாது?"

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாரு பறஞ்சு?"

"பெரியத்தா."

பெரியத்தாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வலிக்காது. வெங்காயத்துக்கும் வலிக்காது, அழுதாலும் வலிக்காது. உள்ளே வா. எல்லாரும் கேட்கிற மாதிரி சொல்றேன்" என்றார்.

கத்தம் முடிந்தது. அவரைத் துஆ ஓதத்தான் சொன்னார்கள். அவர் கையை உயர்த்தும் முன்பு ஒரு செய்தி சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். நபிகள் நாயகத்துக்கு ஒரு சின்னப் பிள்ளை இருந்தது, அது மடியிலேயே உயிர் விட்டது, நாயகத்தின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நீங்களுமா அழுகிறீர்கள் என்று தோழர்கள் கேட்டபோது, இது ரஹ்மத்து, இரக்கம் என்று நாயகம் சொன்னார்கள். கண் அழும், கல்பு வருந்தும், ஆனால் ரப்புக்கு, அல்லாஹ்வுக்கு, பிடிக்காததை வாய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான் என்றார். சட்டையைக் கிழித்துக்கொண்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு, அல்லாஹ்வைக் குறை சொல்லி ஒப்பாரி வைப்பதுதான் தடை. பிரிந்தவருக்காக வருகிற கண்ணீருக்குத் தடை இல்லை. "குழந்தைகளிடம் அதைத் தடுக்க வேண்டா. அது உள்ளே நின்னால் கல்பு இறுகிப்போகும்" என்றார். தமிழ் தப்பும் தவறுமாகத்தான் இருந்தது. ஆனால் கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

திரைக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருமல் மாதிரி. அப்புறம் அம்மா அழுதாள். நாற்பது நாள் பல்லில் கடித்து வைத்திருந்தது மொத்தமாக வெளியே வந்தது. "ஏங்க, என்னைய விட்டுட்டுப் போயிட்டீகளே" என்று அத்தாவைக் கூப்பிட்டாள். பெண்கள் "ஆத்தா, ஆம்பளையாளுக இருக்காக, சத்தம் கேக்குது" என்று அமர்த்தப் பார்த்தார்கள். பெரியத்தாவின் முகம் கறுத்துப்போனது. எழுந்து நின்றார். "துஆவ முடிங்க" என்றார்.

நான் திரைக்குள் ஓடினேன். தம்பி அம்மாவைப் பார்த்து மிரண்டு அவனும் வீறிட்டு அழுதான். என் கை பழக்கத்தில் பழத்தைத் தேடியது. அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள். "விடு, அழுகட்டும்" என்றாள். நாங்கள் மூன்று பேரும் கட்டிக்கொண்டோம். அவர்கள் இரண்டு பேரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. அனுமதி கிடைத்த பிறகும் வரவில்லை. அத்தனை நாள் அடக்கிப் பழகிய கண்ணுக்கு எப்படித் திறப்பது என்று மறந்துபோயிருந்தது. ஒருத்தியை அடைத்து வைத்துவிட்டுக் கதவைத் திறந்தால் உடனே ஓடிவிடுவாள் என்று நினைக்காதீர்கள்.

இத்தாவில் இருக்கிற பெண்ணின் அழுகுரலை அந்நிய ஆண்கள் கேட்கும்படி செய்துவிட்டான், அதுவும் கத்தம் ஓதிய இடத்தில் என்று ஜமாத்தில் குற்றம் சொன்னவர் பெரியத்தா. பெண்டாட்டியை அடித்த விஷயம் வெளியே வந்ததில் கொதித்துக்கொண்டிருந்தவருக்கு அது போதாதா? மறுநாள் உஸ்தாது தகரப்பெட்டியோடு குமுளி பஸ் ஏறிவிட்டார். திரைக் கம்பாக இருந்த பிரம்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு பழைய ஹஜ்ரத்தே திரும்பி வந்தார். நமக்கு யாரும் ஒன்றும் விளக்கவில்லை. அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும், "ஈரமில்லாத மனுசன். கூடப்பொறந்தவனுக்கும் அழுகலை, அழுகிறவளையும் விடலை" என்றாள். அன்றோடு பெரியத்தாவிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், பெரியத்தாவுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். கொல்லைக் கொட்டகையில் திராட்சைப் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நான் போனபோது சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. உள்ளே போனால், அத்தா கைலிக்கு மேல் கட்டும் அகலப் பச்சை பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

எனக்கு என்ன தைரியம் வந்ததோ. "பெரியத்தா, ஒங்க கல்பு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. மெதுவாக, ஒரு சின்னப் பையன் வாத்தியாரிடம் கேட்பதுபோல் என்னிடம் கேட்டார்.

"அந்த உஸ்தாது சொன்னது நெசந்தானா? கிதாபுல உள்ளதுதானா?"

"நெசந்தான் பெரியத்தா. வலிக்காதுன்னு சொன்னாக."

"அன்னிக்கு அவனக் குளிப்பாட்டயில காலு பூரா மண்ணு. சின்னப்புள்ளையில ஆத்துல நான்தான் அவனுக்குத் தேச்சு விடுவேன். அது ஞாபகம் வந்துருச்சு. என்னைய அறியாம அழுதுட்டேன். அங்கன இருந்த ஒருத்தர்தான் சொன்னாரு, நீ அழுகிற அழுகைக்கு ஒந்தம்பி கபுருல வேதனைப்படுவான்னு. அன்னியிலேர்ந்து..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. தோள் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். அம்மா முந்தானையைக் கடித்தாளே, அதே மாதிரி. உடம்பு மட்டும் குலுங்கியது, சத்தம் வரவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு உடைந்தது. அவர் மடியில் விழுந்து அழுதேன். அத்தாவுக்காக நான் அழுத முதல் அழுகை அது. என் தலையில் அவர் கண்ணீர் சொட்டியது. எங்களை அடைத்து வைத்தவர் என்று நினைத்தேன். அவரும் உள்ளேதான் இருந்திருக்கிறார்.

பிறகு எழுந்து முகத்தைக் கழுவினார். ஒளு செய்தார். என் தோளைப் பிடித்து, "ஒங்கம்மாட்டச் சொல்லிராத. ஆம்பளைன்னு இங்க இருக்கது நான் ஒருத்தன். நான் அழுதேன்னு தெரிஞ்சா அவளுக்குத் தைரியம் விட்டுப்போகும்" என்றார். சரி என்றேன். சத்தியம் வாங்கிக்கொண்டார்.

உஸ்தாதைத் திரும்பக் கூப்பிட ஜமாத்தில் பேசினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். யாரும் ஒப்பவில்லை. என்னையும் தம்பியையும் படிக்க வைத்ததும் கல்யாணம் செய்து வைத்ததும் பெரியத்தாதான். அம்மா அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். கல் நெஞ்சுக்காரர் என்ற எண்ணத்தை அவள் மாற்றிக்கொள்ளவே இல்லை. அவரும் அதைத் திருத்தவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் வாயைக் கட்டிக்கொண்டு வளர்ந்தேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை நாக்கு நுனி வரை வந்தது. அவர் கண்ணைப் பார்த்தால் அடங்கிவிடும்.

பெரியத்தா மவுத்தான அன்று அம்மாவுக்கு நல்ல வயசாகிவிட்டிருந்தது. பெண்கள் கூடியிருந்த அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. வெளியே குளிப்பாட்டத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. இனி யாருக்காக அந்தச் சத்தியம்? அம்மாவின் காதோரம் குனிந்து கொட்டகையில் நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. வெகுநேரம் தண்ணீர்ச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள். எங்கள் அத்தாவுக்கு அழுததைவிட அதிகமாகவே அழுதாள்.

"ஒரு செவுருதான்டி நடுவுல" என்றாள். "இந்தப் பக்கம் நான் துணியக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன், அந்தப் பக்கம் அவுக கெடந்திருக்காக."